பன்னிரண்டு லட்சம் மிச்சம்

இங்கே எழுதி நாலு மாதம் ஆகிவிட்டது. ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன், நடுவில் ஊரில் ஒரு கல்யாணம் என்று ஓடிவிட்டது. போன பதிவில் நாக்பூரில் நல்ல முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, இப்போது வீட்டில் சாம்பார் மணக்கிறது :-)

இன்றைக்குச் சொல்லப்போவது சாம்பார் சமாசாரம் இல்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், கணக்கும் வரும். பி.காம். படித்தவன் எழுதினால் கணக்கு இல்லாமல் இருக்குமா? பிள்ளையைப் பைலட் ஆக்கலாமா என்று யோசிக்கிற அப்பா அம்மாக்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் கார் இருக்கும், அதைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது போன். இங்கே இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று. அவர் ரயில்வேயில் இருக்கிறார், சொந்த ஊர் திருச்சி பக்கம், ஐயப்பன் பூஜையில் பழக்கம். பேசியது அவர் மனைவி.

"அண்ணா, பையன் போன் பண்ணி அழறான். ரெண்டு வாரமா பறக்கவே விடலையாம். அங்க இருக்கிற மெக்கானிக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாராம். சம்பளம் கேட்டு மிரட்டறாருன்னு ஓனர் சொல்றார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா?"

பையன் படிப்பது இங்கிருந்து மூன்று மணி நேர தூரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் அவன் பறந்தது 118 மணி. திருச்சி வீடு பேங்கில் அடமானம். அந்த வீடு அவருடைய அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் கட்டியது.

"நான் விசாரிக்கிறேன்மா" என்று சொல்லி போனை வைத்தேன். அதற்கப்புறம் தோசை இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

*

அந்தப் பள்ளியின் கடன் எங்கள் பேங்கில்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ரீஜனல் ஆபீஸில் கிரெடிட் செக்‌ஷனில் இருந்தபோது அந்த ஃபைல் என் மேசைக்கு வந்தது. (ஊர், பேர் எதுவும் சொல்ல மாட்டேன். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பேங்க் ரகசியம், என் வேலையும் முக்கியம்.)

நாலு செஸ்னா 172 விமானங்கள். ஹேங்கர், ஹாஸ்டல், சிமுலேட்டர். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பிரித்தால் லாபம் இழுபறி. கடனைத் திருப்பிக் கட்டும் சக்தியைக் காட்டுகிற விகிதம் எங்கள் அளவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இப்படி ஒரு ஃபைல் வந்தால் எங்களைப் போன்றவர்கள் செய்வது ஒன்றுதான். செலவுப் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டுவோம்.

பெட்ரோல்? குறைக்க முடியாது. இந்தச் சின்ன விமானங்கள் குடிப்பது ஏவ்கேஸ் என்கிற தனி ரகம். உதிரி பாகம்? டாலர் விலை. இன்சூரன்ஸ்? கட்டியே ஆகவேண்டும். விரல் வந்து நின்ற இடம் "பராமரிப்பு எஞ்சினியர்கள் - 2 பேர்". ஆளுக்கு மாதம் ஒரு லட்சம்.

"நாலு சின்ன விமானத்துக்கு ரெண்டு எஞ்சினியர் எதுக்கு சார்? ஒருத்தர் போதாதா? தேவைப்பட்டா வெளியில இருந்து கூப்பிட்டுக்கலாமே" என்று கேட்டது நான்தான். ஓனர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "செஞ்சுடலாம் சார்" என்றார். வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் மிச்சம். விகிதம் சரியாகிவிட்டது. மேலதிகாரி "நல்லா பார்த்திருக்கீங்க" என்று பாராட்டினார்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்த ரயில்வே நண்பர், "பையனை அங்க சேர்க்கலாமா?" என்று கேட்டபோது, "தப்பான இடம் இல்லைங்க" என்றும் சொல்லி வைத்தேன்.

*

ஒரு நாலாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. பஸ் பிடித்து அந்த ஹேங்கருக்குப் போனேன். ஓனர் வெளியூர். கையெழுத்துப் போட மறுத்த மனிதர் மட்டும் இருந்தார். ஒடிசாக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஏர்ஃபோர்ஸில் இருந்துவிட்டுப் பிறகு லைசென்ஸ் வாங்கியவர். பையன்கள் எல்லாரும் அவரை "தாதா" என்கிறார்கள். (நம் சினிமா தாதா இல்லை, அங்கே அண்ணன் என்று அர்த்தம்.)

நான் யார் என்று சொன்னதும் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து வைத்தார். அதில் எஞ்சின் ஆயில் ஃபில்டரைக் கத்தரித்து, உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தை விரித்து வைத்திருந்தார். வெயிலில் காட்டினால் மினுக் மினுக் என்று பொடிப் பொடியாக ஏதோ இருந்தது. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனார். பொடி ஒட்டிக்கொண்டது.

"இரும்பு சார். எஞ்சின் தன்னைத் தானே தின்னுது."

லாரிக்கும் விமானத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். மாமாவுக்கு ரெண்டு லாரி இருந்தது. வழியில் எஞ்சின் நின்றால் ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கலாம். மேலே போய் ஓரங்கட்ட இடம் கிடையாது. அதனால்தான் இந்த விமானங்களுக்கு ஓடிய மணிக்குக் கணக்கு வைத்துச் சோதனை. ஐம்பது மணிக்கு ஒரு முறை ஆயில், ஃபில்டர். நூறு மணிக்கு ஒரு முறை பெரிய சோதனை. நாலு சிலிண்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு ரெண்டு வீதம் எட்டு ஸ்பார்க் பிளக், ரெண்டு மேக்னெட்டோ. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பதற்காக எல்லாம் இரட்டை. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறார்கள். கன்ட்ரோல் கேபிள்களை டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத் தடவிப் பார்க்கிறார்கள்.

சீட் தண்டவாளத்தைக்கூட விடுவதில்லை. செஸ்னாவில் சீட் முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தில் துளைகள் தேய்ந்துபோனால், மேலே கிளம்பும்போது பைலட்டின் சீட் சட்டென்று பின்னால் வழுக்கிவிடும். கையோடு ஸ்டியரிங்கும் பின்னால் வரும், மூக்கு தூக்கும். இதற்காகவே அமெரிக்க விமானத் துறை 1987-இல் ஒரு கட்டாய ஆணை போட்டு, 2011-இல் அதைப் புதுப்பித்தது. ஒரு துளையின் தேய்மானத்துக்கு ஒரு சர்க்கார் ஆணை!

இவ்வளவையும் பார்த்து முடித்து, "இது பறக்கத் தகுதியானது" என்று லாக் புக்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நம் நாட்டில் அந்த லைசென்ஸ் தருவது டி.ஜி.சி.ஏ. பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்குத் தனிப் பிரிவு, ஜெட்டுக்குத் தனிப் பிரிவு. படிப்பு, பாடம் பாடமாகத் தேர்வு, பல வருஷ வேலை அனுபவம், எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கையெழுத்துக்கு உரிமை.

"கையெழுத்துக்குத் தனிக் கூலி கிடையாது சார்" என்றார் தாதா. "ஆனா ஏதாவது ஆச்சுன்னா முதல்ல தேடறது அந்தக் கையெழுத்தைத்தான்."

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. கடன் வாராக்கடன் ஆனால் பேங்கிலும் முதலில் தேடுவது சாங்ஷன் நோட்டில் யார் கையெழுத்து என்றுதான். ஆனால் என் கையெழுத்து தப்பானால் பணம்தான் போகும்.

"இரும்புப் பொடி எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

உறுதியாகச் சொல்ல எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த லைகமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேல் பக்கம் இருக்கிறது. எஞ்சின் தினமும் ஓடினால் ஆயில் அதன் மேல் படிந்தே இருக்கும். வாரக்கணக்கில் சும்மா நின்றால் ஆயில் வடிந்துவிடும். மழைக்கால ஈரத்தில் துரு பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு இடம் தேய்ந்து தேய்ந்து பொடியாகும்.

"போன மழைக்காலத்துல நாப்பத்தஞ்சு நாள் நாலு விமானமும் நின்னுடுச்சாமே. அப்போ இங்க எஞ்சினியரே இல்லையாம்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது எஞ்சினியரை வெட்டியது என் பேனா. இருந்த ஒருவருக்கு லீவு கிடையாது, அவர் காய்ச்சலில் படுத்தால் பள்ளியே படுத்துவிடும். சம்பளமும் ரெண்டு முறை தள்ளிப் போனது. ஒருநாள் ஓனர் மாணவர்கள் எதிரிலேயே சத்தம் போட்டாராம். அடுத்த வாரம் அவர் கிளம்பிவிட்டார். வெளியில் இருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன் அல்லவா? கூப்பிட்டால் வருவதற்கு வெளியில் ஆள் வேண்டுமே.

*

இப்போது கணக்கு. ஒரு பேச்சுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்களை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.

ஒரு விமானம் மாதம் 60 மணி பறக்கிறது, மாணவரிடம் மணிக்கு 15,000 ரூபாய் வாங்குகிறார்கள். மழைக்காலத்தில் பாதிதான் பறக்க முடியும் என்றே வைப்போம், மாதம் 30 மணி. நாலு விமானம் ஒன்றரை மாதம் நின்றால் 180 மணி போச்சு. வருமான இழப்பு 27 லட்சம். பெட்ரோல் மாதிரி பறக்காததால் மிச்சமான செலவு 40 சதவீதம் என்று கழித்தாலும் நஷ்டம் 16 லட்சத்துக்கு மேல்.

நான் மிச்சம் பிடித்தது வருஷத்துக்கு 12 லட்சம்.

அதற்கு மேல் எஞ்சின். இந்த வகை எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர் சொல்கிற ஆயுள் பெரும்பாலும் 2,000 மணி அல்லது 12 வருஷம். அதற்குப் பிறகுதான் முழுசாகப் பிரித்துச் சீர்செய்ய வேண்டும். பாதி ஆயுளில் பிரிக்க நேர்ந்தால், மீதி ஆயிரம் மணிக்கான பணம் தண்ணீரில் போட்ட மாதிரி. ஒரு எஞ்சினை ஓவர்ஹால் செய்ய இருபது லட்சத்துக்கு மேலேயே ஆகும். இதெல்லாம் என்னுடைய ப்ராஜெக்ட் அப்ரைசலில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. சம்பளம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. நின்றுபோன விமானம் எந்த வரியிலும் தெரியாத செலவு. வெட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிவதைத்தான் வெட்டுவான்.

ஓனர் மேலேயும் முழுப்பழி போட மாட்டேன். சின்னப் பள்ளிக்காரர் கையில் இருக்கிற கயிறு ரொம்பக் குட்டை. விமானப் பராமரிப்புச் சேவைக்கு ஜி.எஸ்.டி.யை 2020 ஏப்ரலில் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2024 ஜூலையில் இறக்குமதி உதிரி பாகங்களுக்கும் ஒரே சீராக 5 சதவீதம் ஆக்கினார்கள். ஏவ்கேஸை 2022-இல் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் டாலர் ஏறினால் உதிரி பாகம் ஏறும், அதை ஓனரால் நிறுத்த முடியாது. அவர் கைக்கு எட்டுகிற ஒரே விஷயம் ஆள் கூலி. கத்தி அங்கேதான் விழும்.

இன்னொரு பக்கம், பெரிய விமான நிறுவனங்கள் 2023-இல் மட்டும் நூற்றுக்கணக்கில் விமானம் ஆர்டர் செய்தன. ஏர் இந்தியா 470, இண்டிகோ 500. இதைப் பார்க்கிற ஒரு இளைஞன் ஜெட் லைசென்ஸ் பக்கம் போவானா, செஸ்னா பக்கம் வருவானா? அந்தப் பெரிய இடங்களிலேயே 2022 ஜூலையில் டெக்னீஷியன்கள் சம்பளம் போதவில்லை என்று கூட்டமாக மெடிக்கல் லீவில் போனார்கள். அங்கேயே அப்படி என்றால் மூன்று மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கிற தகரக் கொட்டகை ஹேங்கரில்?

*

எங்களுக்கும் மெக்கானிக்குக்கும் சட்டத்தில் ஒரு உறவு உண்டு, தெரியுமா? பி.காம். ரெண்டாம் வருஷம் மெர்கன்டைல் லா படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். பிரிவு 170: ஒரு பொருளின் மேல் தன் உழைப்பையும் திறமையையும் செலவழித்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பிரிவு, 171: பேங்க்காரருக்கும் வேறு சிலருக்கும் பொதுவான பிடிமான உரிமை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் நாங்கள்.

170-க்குச் சட்டமே ரெண்டு உதாரணம் தருகிறது. வைரத்தைப் பட்டை தீட்டிய நகைக்காரர், கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தைத்து முடித்ததும் கோட்டைக் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட தையல்காரர், கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. கடன் சொல்ல ஒப்புக்கொண்டால் பிடி போய்விடும்.

வெளியில் இருந்து வந்து வேலை செய்கிற ஒர்க்‌ஷாப்புகளிடம் ஓனர்கள் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். உழைத்தவரின் கடைசிப் பிடியையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்கள். மாதச் சம்பளத்தில் இருக்கிற தாதா மாதிரி எஞ்சினியருக்கு அதுவும் கிடையாது. விமானம் முதலாளி கையில்தானே இருக்கிறது! அவருக்கு இருப்பது பேனா ஒன்றுதான். அதனால்தான் அவர் கையெழுத்துப் போட மறுத்தால், "சம்பளத்துக்காக மிரட்டறான்" என்று சொல்ல ரொம்பச் சுலபமாக இருக்கிறது. தாதாவுக்கு ரெண்டு மாதச் சம்பளம் பாக்கி என்பது உண்மை. கையெழுத்துப் போடாததற்கு அது காரணம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் பாக்கி வைத்த இடத்தில் ரெண்டாவது உண்மையை யார் நம்புவார்கள்? சம்பளத்தை நேரத்துக்குக் கொடுப்பதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது. கொடுத்துவிட்டால், அவர் "கூடாது" என்று சொல்லும்போது அது எஞ்சினைப் பற்றித்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. ரைட் சகோதரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் விமானத்துக்கு எஞ்சின் செய்தது யார்? சார்லஸ் டெய்லர் என்கிற மெக்கானிக். 1901-இல் அவர்களுடைய சைக்கிள் கடைக்கு வாரம் 18 டாலர் சம்பளத்துக்கு வந்தவர். கார் கம்பெனிகள் யாரும் அவர்கள் கேட்ட எஞ்சினைச் செய்ய முன்வராதபோது, இவர் ஆறு வாரத்தில் நாலு சிலிண்டர் எஞ்சினைச் செய்து கொடுத்தார். 1903 டிசம்பர் 17 அன்று பறந்தது அதுதான். ஆர்வில் ரைட் 1948-இல் இறக்கும்போது டெய்லருக்கு வருஷத்துக்கு 800 டாலர் எழுதிவைத்தார். நல்ல மனசுதான், ஆனால் விலைவாசியில் அது கரைந்துவிட்டது. கடைசிக் காலத்தில் டெய்லர் ஒரு ஆஸ்பத்திரியின் தர்ம வார்டில் கிடந்தார். விஷயம் வெளியே தெரிந்து, விமானத் தொழில்காரர்கள் பணம் திரட்டி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 1956-இல் காலமானார். இப்போது அவர் பிறந்த மே 24-ஐ அமெரிக்காவில் விமானப் பராமரிப்புக்காரர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

*

"என்ன சார், மெக்கானிக் எல்லாரும் மகாத்மாவா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். தேவையில்லாத பாகத்தை மாற்றுகிறவரும் உண்டு. நாலு மணி வேலைக்கு எட்டு மணி எழுதுகிறவரும் உண்டு. பயத்தைக் காட்டிப் பணம் பார்ப்பது எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. (பேங்கில் கடனோடு இன்சூரன்ஸைச் சேர்த்து விற்கிற எங்கள் ஆட்களைச் சொல்லவில்லை, ஹி ஹி.)

ஆனால் இதற்கு மருந்து கூலியைக் குறைப்பது இல்லை. கூலியைக் குறைத்தால் நல்லவர் முதலில் போவார், மற்றவர் தங்குவார். என் மாமா படிக்காதவர், லாரிப் பட்டறையில் அவர் வைத்திருந்த முறை இதற்குப் போதும். என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே பேசிவிடுவார். அதற்கு மேல் போனால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கையில் தர வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னொரு மேஸ்திரியை மரியாதையோடு கூப்பிட்டுக் காட்டுவார். வேலை முடிந்த அன்றைக்கே பணம். ஆயுத பூஜைக்குப் பட்டறைப் பையன்கள் எல்லாருக்கும் துணி. அவர் லாரிக்கு நடுராத்திரியும் ஆள் வரும். நம்பிக்கையும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் மணியைக் குறையுங்கள், மணியின் மதிப்பைக் குறைக்காதீர்கள். அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கிறவர்கள், வருடாந்திரச் சோதனையின்போது மெக்கானிக்கின் மேற்பார்வையில் தாங்களே மூடிகளைக் கழற்றுவது, துடைப்பது, திரும்ப மாட்டுவது என்று கூட நின்று வேலை செய்கிறார்கள். மெக்கானிக்கின் மணி குறைகிறது, அவருடைய ரேட் குறைவதில்லை. போதாததற்கு ஓனருக்குத் தன் விமானத்தின் உள்பக்கமும் தெரிந்துவிடுகிறது. நம் பள்ளிகளிலும் சாமானை முன்கூட்டியே வரவழைத்து வைப்பது, எந்த வாரம் எந்த விமானத்துக்கு நூறு மணி வரும் என்று அட்டவணை போடுவது, பழகுகிற பையன்களை எடுபிடி வேலைக்கு வைப்பது என்று எவ்வளவோ செய்யலாம். லைசென்ஸ் உள்ளவர் நட்டைத் தேடிக்கொண்டு அலைகிற நேரம்தான் உண்மையான வீண் செலவு.

*

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான்.

தாதா சந்தேகப்பட்டு மற்ற மூன்று விமானங்களின் ஃபில்டரையும் வெட்டிப் பார்த்தார். இன்னொன்றிலும் பொடி இருந்தது. ரெண்டு எஞ்சினும் ஓவர்ஹாலுக்குப் போனது. பிரித்துப் பார்த்ததில் அவர் சொன்ன இடத்தில்தான் தேய்மானம். ஓனர் பாக்கியைக் கொடுத்தார். நான் இப்போது கிரெடிட் செக்‌ஷனில் இல்லை. ஆனாலும் புதுப்பித்தல் சமயத்தில் அங்கே இருக்கிற அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். ரெண்டாவது எஞ்சினியர், பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் எஞ்சினுக்கென்று தனிக் கணக்கில் ஒரு தொகை, ரெண்டையும் நிபந்தனையாகப் போட்டார். ரெண்டாவது ஆளைத் தேடிக் கொடுத்ததும் தாதாதான். அவர் வந்து கை பழகியதும் தாதா, உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போய்விட்டார்.

பையன் 200 மணியை முடித்தான், எட்டு மாதம் தாமதமாக. அந்த எட்டு மாத வட்டியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

நண்பர் வீட்டுக்குப் போய் நடந்ததை முழுசாகச் சொன்னேன், நான் வெட்டிய அந்த ஒரு வரியையும் சேர்த்து. அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான், "அப்போ அந்த மனுஷனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே அண்ணா" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தீபாவளிக்கு ஹேங்கருக்கு ஒரு டப்பா முறுக்கு போனது. எனக்கும் ஒரு டப்பா வந்தது. சாப்பிடக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர்களுக்கு: பள்ளியில் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் எத்தனை பேர், ஒருவர் லீவில் போனால் யார் கையெழுத்துப் போடுவார், கடைசியாக ஒருவர் எப்போது வேலையை விட்டுப் போனார், ஏன் என்று கேளுங்கள். ஆபீஸ் ஏ.சி. ரூமில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல் ஹேங்கருக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். அங்கே வேலை செய்கிறவரிடம் ஓனர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிரவுச்சரில் இல்லாத விஷயம் அதில் இருக்கும்.

என்னைப் போல மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பேனா பிடிக்கிறவர்களுக்கு: பராமரிப்பு ஆள் சம்பளம் என்கிற வரிக்கு விரல் வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்த ஆள் இல்லாத நாளில் என்ன ஆகும் என்று ஒரு கட்டம் போட்டுக் கணக்குப் பாருங்கள். பிறகு வெட்டுங்கள், மனசு வந்தால்.

உங்கள் பிள்ளைகள் யாராவது இந்தப் படிப்பில் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். மற்ற பெற்றோருக்கு உதவும்.

பி.கு.: எங்கள் வீட்டுக் காரைப் பார்க்கிற மெக்கானிக்குக்குப் போன மாதம் நான் தரவேண்டிய 1,400 ரூபாய் பாக்கி இருந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்துதான் முடித்தேன்.